டிராவல் டிரெய்லரை உயர்த்துவது: கேள்வி பதில்

அமெரிக்காவின் மேற்கு மாநிலங்களில் மண் ரோட்டுக்கு டிராவல் டிரெய்லரை (வண்டிக்குப் பின்னால் கட்டி இழுக்கும் சக்கர வீட்டை) இழுத்துப் போகிறவர்கள் கேட்டவை.

அண்ணா, 22 அடி டிரெய்லர், இரட்டை ஆக்ஸில், லீஃப் ஸ்பிரிங் (பட்டைகளை அடுக்கிக் கட்டின ஸ்பிரிங்). யூட்டா பக்கம் ஓடை இறங்கி ஏறும்போது பின்பக்கம் உரசுது. ஆக்ஸில் ஃப்ளிப் (ஆக்ஸிலுக்குக் கீழே இருக்கிற ஸ்பிரிங்கை மேலே மாத்துறது) பண்ணிடலாமா?

முதல்ல எது உரசுதுன்னு குனிஞ்சு பாருங்க. பாதி டிரெய்லர்ல தரையைத் தொடுறது சேஸ் (அடிச்சட்டம்) இல்லை, கழிவுநீர்க் குழாயும் அதோட வால்வும்தான். அது மட்டும் தொங்கினா, குழாயை மேலே ஏத்தி மாத்துறதோட வேலை முடிஞ்சுது. பம்பரும் உரசினா, அது ஆக்ஸிலுக்குப் பின்னால நீளமா நீட்டிட்டு இருக்கிறதால. அதுக்கு உயர்த்துறது உதவும்.

ஃப்ளிப் பண்ணா எவ்வளவு கிடைக்கும்?

இப்போ ஸ்பிரிங் ஆக்ஸிலுக்குக் கீழே இருந்தாத்தான் ஃப்ளிப்புக்கே வழி உண்டு. அதை மேலே கொண்டு வந்தா, ஆக்ஸில் குழாயின் விட்டமும் ஸ்பிரிங் கட்டின் கனமும் சேர்ந்து உயரும். 3 அங்குலக் குழாய்னா சுமார் 5 முதல் 6 அங்குலம். ஒண்ணு கவனிங்க: உயர்றது சேஸ்தான், ஆக்ஸில் குழாய் இருந்த இடத்துலயேதான் இருக்கும். அதுக்குக் கீழே தொங்கின ஸ்பிரிங் மேலே போயிடும், அந்த லாபம் உண்டு. ஆக்ஸில் குழாயையே உயர்த்தணும்னா பெரிய டயர் ஒண்ணுதான் வழி.

ஆக்ஸிலையே தலைகீழா உருட்டி மாட்டினா வெல்டிங் மிச்சம்தானே சார்?

கூடவே கூடாது. சுமை ஏறினா சக்கரம் நேரா நிக்கணும்னு குழாயை நடுவுல லேசா மேல்நோக்கி வளைச்சிருப்பாங்க. உருட்டினா வளைவு கீழே போய், சக்கரத்தோட மேல்பக்கம் உள்ளே சாயும். டயரோட உள்விளிம்பு சீக்கிரமே தேஞ்சுடும். ஆக்ஸில் இருந்தபடியே இருக்கட்டும். குழாயின் மேல்பக்கம் புது பெர்ச் (ஸ்பிரிங் உட்கார்ற தாங்கி) வெல்டு பண்ணணும். பழைய பெர்ச்சை வெட்ட வேண்டியதில்லை.

வெல்டர்கிட்ட என்ன சொல்லணும்?

புது பெர்ச், பழையதுக்கு நேர் மேலே, அதே இடைவெளியில உட்காரணும். கொஞ்சம் கோணினாலும் டிரெய்லர் ஒரு பக்கம் இழுக்கும். வெல்டு குழாயின் நீளவாக்குல மட்டும். குறுக்கே சுத்தி அடிச்சா குழாய் பலமிழக்கும். எர்த் கிளாம்ப்பை வெல்டு பண்ற இடத்துக்குப் பக்கத்துலயே ஆக்ஸில் குழாய்ல மாட்டச் சொல்லுங்க. வீல் ஹப்புல மாட்டினா கரண்ட் பேரிங் வழியா பாய்ஞ்சு உருளைகள்ல குழி விழும், பேரிங் போச்சு.

பலரும் கோட்டை விடுறது சென்டர் போல்ட், அதாவது ஸ்பிரிங் பட்டைகளை நடுவுல சேர்த்துப் பிடிக்கிற போல்ட். அதோட தலை பெர்ச் துளைக்குள்ள உட்காரணும். முன்னாடி மேல்நோக்கி இருந்தது, இப்போ கீழ்நோக்கி வரணும். ஸ்பிரிங் கட்டை சி-கிளாம்ப்பால இறுக்கிப் பிடிச்சுட்டு போல்ட்டைத் திருப்பிப் போடுங்க. ஸ்பிரிங்கை ஆக்ஸிலோட கட்டுற யூ போல்ட் புதுசாவே வாங்குங்க. பிரேக் ஒயருக்கு நீளம் போதுமான்னும் பாருங்க, இழுபட்டா முதல் குழியிலேயே அறுந்துடும். வீல் நட்டை ஓட்டம் தொடங்கி 10, 25, 50 மைல்ல மறுபடி இறுக்குங்க. அரை அங்குல ஸ்டட்னா 90 முதல் 120 ஃபுட்-பவுண்ட்.

ஆக்ஸிலுக்கும் ஸ்பிரிங்குக்கும் நடுவே இரும்புக் கட்டை வைக்கலாமா?

வேண்டாம். பிரேக் பிடிக்கும்போது ஆக்ஸில் முறுக்கிக்கும், கட்டை நழுவும்.

எங்களுது டார்ஷன் ஆக்ஸில், உள்ளே இருக்கிற ரப்பர்தான் ஸ்பிரிங் வேலை பார்க்கும். லீஃப் ஸ்பிரிங்கே இல்லையே?

ஃப்ளிப்புக்கு வழியில்லை. சேஸுக்கும் ஆக்ஸில் பிராக்கெட்டுக்கும் நடுவே ஸ்பேசர் (உயரம் கூட்டுற துண்டு) வச்சு போல்ட் பண்ணலாம், 2, 3 அங்குலம் கிடைக்கும். ரப்பர் பழசாகி தொய்ஞ்சிருந்தா ஸ்பேசருக்குச் செலவு பண்றது வீண், ஆக்ஸிலை மாத்துங்க. அப்போ சக்கரத்தைத் தாங்குற கையின் தொடக்கக் கோணத்தை 22.5 பாகைக்குப் பதிலா 45 பாகை கீழ்நோக்கின்னு ஆர்டர் பண்ணினா, உயரமும் சேர்ந்தே வரும்.

14 அங்குல டயரிலிருந்து 15க்குப் போனா?

எஸ்டி205/75ஆர்14 சுமார் 26.1 அங்குல விட்டம், எஸ்டி225/75ஆர்15 சுமார் 28.3. உயர்வு அதுல பாதி, 1.1 அங்குலம்தான். இரட்டை ஆக்ஸிலில் ரெண்டு டயருக்கு நடுவே இருக்கிற இடைவெளி 2.2 அங்குலம் குறையும். ஈக்வலைசர் (முன், பின் ஸ்பிரிங்கை இணைக்கிற ஆடும் துண்டு) ஆடும்போது ஒண்ணை ஒண்ணு தொடாத அளவுக்கு மிச்சம் இருக்கணும். ரிம்மும் புதுசு வாங்கணும்.

உயர்த்தின பிறகு ஹைவேயில ஆட்டம் காட்டுது. என்ன காரணம்?

ஹிட்ச்சை (டிரெய்லரை வண்டியோட மாட்டுற இணைப்பை) அப்படியே விட்டிருப்பீங்க. அப்போ மூக்கு தாழ்ந்து வால் தூக்கியிருக்கும். ஹிட்ச்சில இருக்கிற உருண்டையோட (பால்) உயரத்தையும் அதே அளவு ஏத்தி, டிரெய்லர் மட்டமா நிக்குதான்னு நீளவாக்குல லெவல் வச்சுப் பாருங்க. மட்டத்துல நின்னும் ஆடினா, ஹிட்ச் மேல டிரெய்லரோட மொத்த எடையில 10 முதல் 15 சதவீதம் இறங்குதான்னு எடை போட்டுப் பாருங்க. குறைஞ்சா, பின்னால ஏத்தின ஜெனரேட்டர், தண்ணி கேன் எல்லாம் முன்னால வரட்டும்.