காப்பிரைட் லைசென்ஸ் வாங்குறதை டிஜிட்டல் காலத்துக்கு ஏத்த மாதிரி எப்படி ஈஸியாக்கலாம்?

சட்டத்தை மாத்தினா எல்லாம் சரியாயிடும்னு நிறைய பேர் சொல்றாங்க, எனக்கு அதுல பெருசா நம்பிக்கை இல்ல. காசு கொடுக்கத் தயாரா இருக்கிறவனுக்கே யார்கிட்ட கொடுக்கணும்னு தெரியல, சிக்கலே அங்கதான்.

நான் வீடியோ எடிட் பண்றவன், அதனால பாட்டையே எடுத்துக்கறேன். கேக்கறவங்களுக்கு அது ஒரே பாட்டு, ஆனா உள்ள ரெண்டு காப்பிரைட் இருக்கு. வரியும் மெட்டும் சேர்ந்த படைப்பு ஒண்ணு, அதைப் பாடிப் பதிவு பண்ணின ரெக்கார்டிங் இன்னொண்ணு. ரெக்கார்டிங் பெரும்பாலும் லேபிள்கிட்ட, அதாவது பாட்டை வெளியிடற மியூசிக் கம்பெனிகிட்ட இருக்கும், படைப்போ எழுதினவங்க, மெட்டுப் போட்டவங்க, அவங்க உரிமையைப் பாத்துக்கற பப்ளிஷர்னு பங்கு பிரிஞ்சு கிடக்கும். வீடியோல இருபது செகண்ட் போடணும்னாலும் எல்லாரும் சரின்னு சொல்லணும், ஒருத்தர் மெயிலுக்குப் பதில் போடலன்னா அவ்ளோதான், பேசாம ராயல்டி ஃப்ரீ மியூசிக், அதாவது ஒவ்வொரு தடவை பயன்படுத்தறதுக்கும் காசு கட்டத் தேவையில்லாத மியூசிக் தேடிப் போயிடுவோம். (இதுல வர வேண்டிய காசை இழக்கறது அந்தக் கலைஞர்தான், ஆனா அவருக்கு விஷயமே தெரியாது.)

ரெக்கார்டிங்குக்கு ஐஎஸ்ஆர்சி, படைப்புக்கு ஐஎஸ்டபிள்யூசின்னு உலகம் முழுக்க ஒரே மாதிரி அடையாள நம்பர் இருக்கேன்னு கேப்பீங்க. இருக்கு, ஆனா எந்த நம்பரோட எது சேரும்னு முழுசா நம்பிப் பாக்கற மாதிரி பொது லிஸ்ட் இல்ல. அமெரிக்காவுல 2018ல வந்த இசை லைசென்ஸ் சட்டத்துக்கு அப்புறம், ஸ்ட்ரீமிங் ராயல்டியை வாங்கி உரியவங்களுக்குப் பிரிச்சுக் கொடுக்க எம்எல்சின்னு ஒரு அமைப்பு வந்துச்சு, 2021 பிப்ரவரியில ஸ்ட்ரீமிங் கம்பெனிகள் அதுகிட்ட உரியவங்க யாருன்னு தெரியாம தேங்கிக் கிடந்த ராயல்டின்னு ஒப்படைச்சது 42 கோடி டாலருக்கு மேல!

அப்போ உலகத்துக்கே ஒரு டேட்டாபேஸ் போட்டுடலாமேன்னா அதையும் பாத்தாச்சு. எந்தப் பாட்டு யாருக்குச் சொந்தம்னு ஒரே இடத்துல பாக்க குளோபல் ரெபர்டரி டேட்டாபேஸ்னு ஆரம்பிச்சாங்க, ராயல்டி வசூல் பண்ற சில சொசைட்டிகள் கழண்டுக்கிச்சு, 2014ல ஊத்தி மூடிட்டாங்க. டெக்னாலஜி கைவிட்டதா எனக்குத் தோணல, யார் செலவு பண்றது, யார் கையில கன்ட்ரோல்ங்கிற இழுபறிதான். அதனால ஒரே பெரிய டேட்டாபேஸை விட, இருக்கிறதை எல்லாம் திறந்து விட்டு ஒண்ணோட ஒண்ணு பேச வைக்கிறதுதான் நடக்கக்கூடிய காரியம். பிரிட்டன்ல காப்பிரைட் லைசென்ஸ் பத்தி ஆராய்ஞ்ச ரிச்சர்ட் ஹூப்பர் 2012ல கொடுத்த அறிக்கையும் கிட்டத்தட்ட இந்தப் பக்கம்தான் போச்சு, லைசென்ஸ் தேடுறவங்களை உரிமைக்காரங்களோட இணைக்க காப்பிரைட் ஹப்னு ஒரு தளம் வந்தது அதுக்கப்புறம்தான். பெரிய சினிமாக்காரங்க வக்கீல் வெச்சுப் பேசிக்கட்டும், சின்ன வீடியோ, சின்ன வெப்சைட்டுக்கெல்லாம் ரேட்டைப் பாத்தோமா, கட்டினோமா, லைசென்ஸ் வந்துச்சான்னு அஞ்சு நிமிஷத்துல முடியணும்.

கட்டாயப் பதிவுன்னு கொண்டு வரவும் வழியில்ல, பல நாடுகள் சேர்ந்து போட்ட பெர்ன்ங்கிற காப்பிரைட் ஒப்பந்தத்தை 1908லயே திருத்தி, பதிவு பண்ணினாத்தான் உரிமைன்னு மத்த நாட்டுப் படைப்பாளிகள்கிட்ட நிபந்தனை போடக்கூடாதுன்னு ஆக்கிட்டாங்க. பதிவு பண்ணினா காசு சீக்கிரம் வரும்னு ஆசை காட்டித்தான் இழுக்கணும்.

போட்டோ கதை இன்னும் மோசம். எடுத்தவர் பேரை ஃபைலுக்குள்ளயே மெட்டாடேட்டாவா (படத்தோட சேர்ந்து மறைஞ்சிருக்கிற தகவலா) போட்டாலும் அப்லோட் பண்ணும்போது பல தளங்கள்ல அது காணாமப் போயிடுது. அதை அழிக்காம விட்டாலே பாதி வேலை முடியும்.

நீங்க படைக்கிறவரா இருந்து, யார் வேணா எடுத்துக்கட்டும்னு நினைச்சா, தனித்தனியா கேக்காமலே எடுத்துக்க முன்கூட்டியே அனுமதி கொடுக்கற கிரியேட்டிவ் காமன்ஸ் லைசென்ஸ் 2002லேர்ந்து இருக்கு. அதுல வணிகப் பயன்பாடு கூடாதுங்கிற என்சி நிபந்தனையை மட்டும் யோசிச்சுப் போடுங்க, விளம்பரம் ஓடுற வீடியோ வணிகமா இல்லையான்னு இன்னும் அடிச்சுக்கிறாங்க.