பத்தாண்டு வரி விலக்கு கேட்கும் நிறுவனத்துக்கு நகர மன்றம் என்ன பதில் சொல்வது?

கேள்வி: நான் ஒரு சிறு நகரத்தின் மன்ற உறுப்பினர். இயந்திரப் பாகங்கள் தயாரிக்கும் நிறுவனம் ஒன்று எங்கள் எல்லைக்குள் ஆலை அமைக்க முன்வந்துள்ளது. 400 பேருக்கு வேலை தருவதாகச் சொல்லும் அந்நிறுவனம், அதற்கு ஈடாகப் பத்தாண்டுகளுக்குச் சொத்து வரியிலிருந்து முழு விலக்குக் கேட்கிறது. பக்கத்து நகரத்தோடும் பேசிக்கொண்டிருப்பதால் இரண்டு வாரத்துக்குள் முடிவு தெரிய வேண்டும் என்கிறார்கள். எதை வைத்து நான் வாக்களிப்பது?

பதில்: விலக்கு அளிக்க உங்கள் மன்றத்துக்குச் சட்டப்படி அதிகாரம் உள்ளதா, உள்ளதென்றால் எந்த வரிக்கு, எத்தனை ஆண்டுகளுக்கு என்பதை உங்கள் சட்ட ஆலோசகரிடம் எழுத்து மூலம் கேட்டுப் பெறுங்கள். அதிகாரம் இருக்கிறது என்று கொண்டே மற்றதைச் சொல்கிறேன்.

இந்த விவகாரத்தில் மற்ற எல்லாக் கணக்கையும் ஆட்டி வைக்கும் கேள்வி ஒன்றுதான்: சலுகை இல்லாவிட்டாலும் அந்த நிறுவனம் உங்கள் ஊருக்கு வந்திருக்குமா? ஆலைக்கு இடம் தேர்வு செய்யும்போது தொழிலாளர் கிடைப்பது, கூலி, சாலை வசதி, மின்சாரம், தண்ணீர், வாடிக்கையாளருக்கு உள்ள தூரம் ஆகியவையே பெரிய செலவுகளைத் தீர்மானிக்கின்றன. உள்ளாட்சிக்குச் செலுத்தும் வரி அவற்றோடு ஒப்பிட்டால் சிறிய தொகை. அமெரிக்கப் பொருளாதார அறிஞர் டிமதி பார்டிக், அந்நாட்டு ஆய்வுகளைத் தொகுத்து 2018-இல் வெளியிட்ட மதிப்பீட்டின்படி, சலுகை பெற்ற நிறுவனங்களில் ஏறத்தாழ 2 முதல் 25 விழுக்காடு வரையிலானவற்றின் முடிவையே சலுகை மாற்றியிருக்கிறது. எஞ்சியவை எப்படியும் அதே முடிவைத்தான் எடுத்திருக்கும். உங்கள் அதிகாரிகள் ஒரு வேலைக்கு ஒரு லட்சம் செலவாகிறது என்று கணக்குக் காட்டினால், சலுகை முடிவை மாற்றும் வாய்ப்பு ஐந்தில் ஒன்று என்று தாராளமாக வைத்துக்கொண்டாலும், சலுகையால் உருவாகும் ஒரு வேலையின் உண்மையான விலை ஐந்து லட்சம். மன்றத்தின் முன் வைக்கப்படும் ஆலோசகர் அறிக்கைகளில் பெரும்பாலானவை இந்த வாய்ப்பை நூறு விழுக்காடு என்று சொல்லாமலே வைத்துக்கொண்டு பெருக்கல் கணக்குப் போடுகின்றன. அறிக்கையைக் கையில் எடுத்ததும் இந்த ஒன்றைத் தேடிப் பாருங்கள்.

நிறுவனத்தின் மனத்தை முழுமையாக அறிய முடியாதுதான். ஆனாலும் சில தடயங்கள் உண்டு. நிலத்தை ஏற்கெனவே வாங்கிப் பதிவு செய்துவிட்டார்களா, இயந்திரங்களுக்கு முன்பணம் கொடுத்துவிட்டார்களா, முக்கிய வாடிக்கையாளர் உங்கள் ஊருக்கு அருகில் இருக்கிறாரா என்று விசாரியுங்கள். ஐரோப்பிய ஒன்றியத்தின் அரசு உதவி விதிகளில், திட்டப்பணி தொடங்குவதற்கு முன்பே எழுத்து மூலம் விண்ணப்பித்திருந்தால்தான் உதவி உண்டு என்ற நிபந்தனை இருப்பது இதற்காகத்தான். வேலையைத் தொடங்கிவிட்டவர் சலுகைக்காக வந்தவர் என்று சொல்ல முடியாது. பக்கத்து நகரம் என்ன தருவதாகச் சொன்னது என்பதையும் எழுத்தில் காட்டச் சொல்லுங்கள். காட்ட மறுத்தால், அந்தப் போட்டியை உங்கள் கணக்கில் சேர்க்க வேண்டியதில்லை.

சலுகை இல்லாமலும் நிறுவனம் வரக்கூடும் என்பதற்கு நல்ல உதாரணம் நியூயார்க். அமேசான் நிறுவனம் 2017-இல் தன் இரண்டாவது தலைமையகத்துக்கு இடம் தேடுவதாக அறிவித்தபோது 238 முன்மொழிவுகள் குவிந்தன. தேர்வான இடங்களில் ஒன்றான நியூயார்க்கில் மாநிலமும் நகரமும் சேர்ந்து தரவிருந்த சலுகை ஏறத்தாழ 300 கோடி டாலர். உள்ளூர் எதிர்ப்பு வலுத்ததால் 2019 பிப்ரவரியில் நிறுவனம் பின்வாங்கியது. அதே ஆண்டு டிசம்பரில், 1,500 பேர் பணிபுரியும் அளவுக்கு மன்ஹாட்டனில் அலுவலக இடத்தை அந்தச் சிறப்புச் சலுகை எதுவும் இல்லாமலே வாடகைக்கு எடுத்தது. அறிவித்திருந்த 25,000 வேலைகளோடு ஒப்பிட்டால் இது சிறியதே. ஆயினும், திறமையான பணியாளர்கள் இருக்கும் இடத்தை நிறுவனங்கள் சலுகை இல்லாமலும் தேடி வருகின்றன என்பதற்கு இது சான்று.

அடுத்தது, தள்ளுபடி செய்யப்படுவது யாருடைய பணம் என்பது. பல நாடுகளில் சொத்து வரியில் ஒரு பங்கு பள்ளிகளுக்கோ, நூலகத்துக்கோ, வேறொரு அமைப்புக்கோ போகிறது. அமெரிக்காவின் லூசியானா மாநிலத்தில் 1936-இல் தொடங்கிய தொழில்துறை வரி விலக்குத் திட்டத்தில், மாநில வாரியம் ஒன்று உள்ளூர்ச் சொத்து வரியைப் பல பத்தாண்டுகளாகத் தள்ளுபடி செய்துவந்தது. வருவாயை இழந்த பள்ளி வாரியங்களிடம் யாரும் கேட்கவில்லை. 2016-இல் ஆளுநரின் ஆணை அவற்றுக்கும் வாக்குரிமை தந்தது. 2019 ஜனவரியில் கிழக்கு பாட்டன் ரூஜ் பள்ளி வாரியம் எக்ஸான் மொபில் என்ற எண்ணெய் நிறுவனத்தின் வரி விலக்குக் கோரிக்கையை நிராகரித்தது. இழப்பைச் சுமப்பவரிடம் முடிவெடுக்கும் உரிமையும் இருந்தால் பேரம் எப்படி மாறுகிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான நிகழ்வு எனக்குத் தெரியாது. உங்கள் நகரத்திலும் வரியில் பங்குள்ள எல்லா அமைப்புகளின் ஒப்புதலையும் தீர்மானத்துக்கு முன்பே பெறுவது முறை.

வரவு இல்லாமற் போவது கணக்கின் ஒரு பக்கம். செலவு கூடுவது மறுபக்கம். ஆலை வந்தால் கனரக வாகனங்கள் ஓடும், சாலை தேயும், குடிநீர், கழிவுநீர், தீயணைப்பு வசதிகளைப் பெருக்க வேண்டியிருக்கும். 400 வேலைகளில் கணிசமானவை வெளியூரிலிருந்து குடியேறுவோருக்குப் போகும். அவர்களது பிள்ளைகளுக்குப் பள்ளியில் இடம் வேண்டும். இந்தச் செலவை ஆலையின் வரி ஈடுசெய்யும் என்பதுதான் வழக்கமான ஏற்பாடு. வரியைத் தள்ளுபடி செய்துவிட்டால் அந்தச் சுமை ஏற்கெனவே ஊரில் வரி கட்டிவருவோர் மீது இறங்கும். அவர்களில், எந்தச் சலுகையும் கேட்காமல் இதே தொழிலைச் செய்துவரும் சிறிய பட்டறைக்காரர்களும் இருக்கலாம்.

இனி, அந்தப் பத்தாண்டு. தொலைவில் கிடைக்கும் பணத்தை நிறுவனம் மிகக் குறைத்தே மதிப்பிடும். ஆண்டுக்கு 12 விழுக்காடு தள்ளுவீதத்தில் (பின்னால் கிடைக்கும் பணத்தை இன்றைய மதிப்புக்குக் குறைக்கும் வீதம்) கணக்கிடும் நிறுவனத்துக்குப் பத்தாம் ஆண்டில் மிச்சமாகும் 100 ரூபாயின் இன்றைய மதிப்பு ஏறத்தாழ 32 ரூபாய்தான். 3 விழுக்காட்டில் கணக்கிடும் நகரத்துக்கோ அதே தொகை 74 ரூபாய் இழப்பு. ஆண்டுதோறும் வரி ஒரே அளவு என்று வைத்துப் பத்தாண்டு முழுவதையும் கூட்டிப் பார்த்தால், முதல் ஐந்து ஆண்டுகளிலேயே நிறுவனம் மொத்தப் பயனில் 64 விழுக்காட்டை அடைந்துவிடுகிறது. நகரம் தன் மொத்த இழப்பில் 54 விழுக்காட்டைத்தான் சுமந்திருக்கும். பிற்பாதி ஐந்தாண்டு நிறுவனத்தின் முடிவை மாற்றுவதில் அதிகம் உதவாது. அப்போது பதவியில் இருக்கப்போகிற மன்றத்தின் கையைக் கட்டுவதில் நன்றாக உதவும். எனவே முழு விலக்கையே தருவதானாலும் ஐந்தாண்டுக்கு மேல் போகாதீர்கள். ஆண்டுதோறும் படிப்படியாகக் குறையும் விலக்கு அதைவிட நல்லது. குறுகிய காலத்தில் சலுகையை வாங்கிக்கொண்டு ஆலை இடம் பெயர்ந்துவிடும் ஆபத்து இதில் கூடுதல் என்பது உண்மை. அதற்கு மருந்து ஒப்பந்தத்தில் இருக்க வேண்டும்.

ஒப்பந்தத்தின் உயிர்நாடி, வாக்குறுதி நிறைவேறிய பிறகே சலுகை என்ற ஏற்பாடு. அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்தில், மின்னணுப் பொருட்கள் தயாரிக்கும் ஃபாக்ஸ்கான் நிறுவனம் 2017-இல் 1,000 கோடி டாலர் முதலீடும் 13,000 வேலைகளும் தருவதாகச் சொல்லி, ஏறத்தாழ 300 கோடி டாலர் மதிப்புள்ள மாநிலச் சலுகைக்கு ஒப்பந்தம் செய்தது. வேலை இலக்குகள் நிறைவேறவில்லை. 2021-இல் ஒப்பந்தம் திருத்தப்பட்டு, 1,454 வேலைகளுக்கு 8 கோடி டாலர் என்று சுருங்கியது. பணியமர்த்தலையும் முதலீட்டையும் சரிபார்த்த பிறகே வரவு வைக்கும் முறையில் எழுதப்பட்டிருந்ததால் மாநில அரசு பெரும் இழப்பிலிருந்து தப்பியது. ஆனால் ஆலை அமையவிருந்த மவுண்ட் பிளசன்ட் என்ற சிற்றூர், நிலம் கையகப்படுத்தவும் சாலை, குடிநீர்க் குழாய்கள் அமைக்கவும் முன்கூட்டியே பெருங்கடன் வாங்கியிருந்தது. அந்த நிலத்தில் குறைந்தபட்ச மதிப்புக்கு வரி கட்டுவதாக நிறுவனம் கொடுத்திருந்த உத்தரவாதம் ஊருக்குக் கைகொடுத்தது. பின்னர் அதே வளாகத்தில் மைக்ரோசாஃப்ட் தரவு மையத்துக்கு நிலம் வாங்கியது. அதே திட்டத்தில் மாநிலம் பின்னால் கொடுப்பதாக இருந்தது, ஊர் முன்னால் கொடுத்துவிட்டது. உங்கள் நகரம் நிலத்தைப் பண்படுத்தவோ சாலை போடவோ போகிறதென்றால், குறைந்தபட்ச வரி உத்தரவாதத்தைக் கட்டாயம் கேளுங்கள்.

சலுகையைத் திரும்பப் பெறும் ஷரத்தைத் தெளிவான எண்களில் எழுதுங்கள். ‘ஏறத்தாழ 400 வேலைகள்’ என்று எழுதினால் நீதிமன்றத்தில் அது நிற்காது. முழுநேர வேலையா, ஒப்பந்தத் தொழிலாளரும் கணக்கில் வருவார்களா, குறைந்தபட்சச் சம்பளம் எவ்வளவு, எந்தத் தேதியில் யார் எண்ணிப் பார்ப்பார் என்பவை எழுத்தில் வேண்டும். வேறு ஊரிலுள்ள தன் ஆலையிலிருந்து மாற்றிக் கொண்டுவரும் ஆட்களைப் புதிய வேலையாகக் கணக்கிடக் கூடாது என்பதையும் சேர்க்கலாம். இலக்கில் எத்தனை விழுக்காடு குறைகிறதோ அத்தனை விழுக்காடு சலுகை தானாகவே குறையும் என்று எழுதினால், ஒவ்வொரு குறைக்கும் வழக்குப் போட வேண்டியிராது. ஐரோப்பிய ஒன்றிய விதிகள், பிராந்திய முதலீட்டு உதவி பெற்ற முதலீடு அதே பகுதியில் குறைந்தது ஐந்தாண்டு, சிறு மற்றும் நடுத்தர நிறுவனமானால் மூன்றாண்டு, நீடிக்க வேண்டும் என்கின்றன. உங்கள் ஒப்பந்தத்தில் விலக்குக் காலம் முடிந்த பின்னும் அதே அளவு காலம் ஆலை இயங்க வேண்டும் என்று கேட்பது நியாயமே. ஜெர்மனியில் போக்கும் (Bochum) என்ற நகரிலிருந்த தன் ஆலையை மூடப்போவதாக நோக்கியா 2008-இல் அறிவித்தபோது, மாநில அரசு தான் கொடுத்த மானியத்தைத் திரும்பக் கேட்டது. விவகாரம் கடைசியில் பேச்சுவார்த்தையில், வட்டார வளர்ச்சிக்கு நிறுவனம் பணம் தரும் ஏற்பாட்டில் முடிந்தது. ஷரத்து இருந்தாலும் கிடைப்பது பேரத்தைப் பொறுத்தது. கொடுத்ததைத் திரும்ப வாங்குவதைவிடக் கொடுக்காமல் வைத்திருப்பது எளிது.

பக்கத்து நகரத்தைப் பற்றி ஒரு வார்த்தை. ஒரே தொழிலாளர் சந்தையைப் பகிர்ந்துகொள்ளும் இரு ஊர்களில் ஆலை எந்தப் பக்கம் அமைந்தாலும் உங்கள் மக்களில் பலர் அங்கே வேலைக்குப் போகலாம். கான்சஸ், மிசௌரி மாநிலங்கள் ஒரே பெருநகரின் இருபுறமும் இருந்துகொண்டு ஒருவர் நிறுவனத்தை மற்றவர் இழுக்கச் சலுகைகளை வாரிக் கொடுத்துச் சலித்து, 2019-இல் அந்தப் போட்டியை நிறுத்த உடன்பட்டன. பக்கத்து நகர மன்றத் தலைவரை நேரில் சந்தித்துப் பேசச் சட்டம் தடையாக இல்லையென்றால், உங்கள் தலைவரை அதற்கு வற்புறுத்துங்கள். நிறுவனம் இரு இடத்திலும் ஒரே கதையைச் சொல்கிறதா என்பதாவது தெரியவரும்.

முழு மறுப்புத்தான் வழி என்று நான் சொல்லவில்லை. உங்கள் ஊரில் வேலையின்மை மிகுந்து, நிறுவனத்தின் ஒப்பீட்டுக் கணக்கில் இரு நகரங்களும் உண்மையிலேயே சமநிலையில் நின்றால், சலுகை தராசைச் சாய்க்கக் கூடும். அப்போதும் அதே தொகையைத் தொழிற்பயிற்சி நிலையத்துக்கோ, ஆலைக்கும் ஊருக்கும் பொதுவான சாலைக்கோ, குடிநீர்த் திட்டத்துக்கோ செலவிடலாம் என்ற மாற்று யோசனையை முன்வையுங்கள். நிறுவனம் போனாலும் அவை ஊரில் நிற்கும். பயிற்சிக்குச் செலவிடும் பணத்தால், வேலைகள் வெளியூர்க்காரருக்குப் போகாமல் உள்ளூர் இளைஞருக்குக் கிடைக்கும் வாய்ப்பும் கூடும்.

இரண்டு வாரக் கெடு பற்றி: கோடிக்கணக்கில் முதலீடு செய்யும் நிறுவனம் இடத்தேர்வுக்குப் பல மாதங்கள் எடுத்துக்கொள்கிறது, மன்றத்துக்கு மட்டும் இரண்டு வாரம் என்பது பேர உத்தி. இரண்டு மாதம் கேளுங்கள். அந்த இடைவெளியில் நிதிப் பிரிவிடம், பத்தாண்டுகளிலும் ஆண்டுவாரியாக இழக்கப்போகும் வரி, கூடப்போகும் செலவு, வரவேண்டிய வேறு வருவாய் மூன்றையும் ஒரே பக்கத்தில் கேட்டு வாங்கி, வாக்கெடுப்புக்கு முன்பே பொதுமக்கள் பார்வைக்கு வையுங்கள். அமெரிக்காவில் அரசுக் கணக்கியல் தர வாரியம் 2015-இல் வெளியிட்ட 77-ஆம் தரநிலை, வரி விலக்கால் இழந்த தொகையை ஆண்டு நிதி அறிக்கையில் காட்டச் சொல்கிறது. உங்கள் நாட்டுச் சட்டம் அப்படிக் கேட்காவிட்டாலும், ஆண்டுதோறும் அந்தத் தொகையையும் உண்மையில் வேலையில் இருப்போர் எண்ணிக்கையையும் மன்றத்தில் தாக்கல் செய்ய வேண்டும் என்ற ஒரு வரியைத் தீர்மானத்தில் நீங்களே திருத்தமாகக் கொண்டுவரலாம். அந்தத் திருத்தத்தை நிறுவனத்தின் பிரதிநிதி எப்படி எதிர்கொள்கிறார் என்பதைக் கவனித்துவிட்டு வாக்களியுங்கள்.