ஒரு துண்டுத் தகரம் என்ன சொல்லும்?

கேள்வி: 2001 செப்டம்பர் 11 அன்று பென்சில்வேனியாவில் விழுந்த யுனைடெட் 93 விமானத்தின் படங்களைப் பார்த்தேன். ஒரு குழி மட்டும்தான் இருக்கிறது. இறக்கை எங்கே, வால் எங்கே? அங்கே விமானமே விழவில்லை என்கிறார்களே?

பதில்: விமான விபத்து என்றதும் ஓடுபாதையைத் தாண்டிச் சறுக்கி, வால் மட்டும் நிமிர்ந்து நிற்கும் விமானம்தான் நம் எல்லோருக்கும் ஞாபகம் வருகிறது. அது விமானி கடைசிவரை தரையிறக்கப் போராடிய விபத்து. வேகம் மணிக்கு 250 கி.மீ. போல இருக்கும். யுனைடெட் 93 தலைகீழாகக் கவிழ்ந்து, மூக்கு கீழே சாய்ந்தபடி, கிட்டத்தட்ட 900 கி.மீ. வேகத்தில் மோதியது. வேகம் இரண்டு மடங்கானால் மோதலின் ஆற்றல் நான்கு மடங்கு என்று பள்ளிக்கூடத்தில் படித்திருப்பீர்கள். அந்தக் கணக்கில் இது சுமார் 13 மடங்கு. விழுந்த இடமோ பழைய நிலக்கரிச் சுரங்கத்தை மண் கொட்டி மூடிய பொலபொலப்பான நிலம். கறுப்புப் பெட்டிகளில் ஒன்றை 15 அடி ஆழத்திலும் இன்னொன்றை 25 அடி ஆழத்திலும் தோண்டித்தான் எடுத்தார்கள். ஆக, விமானம் படத்தில் தெரியவில்லைதான், பெரும்பகுதி மண்ணுக்குள்ளும் மிச்சம் கைப்பிடி அளவுத் துணுக்குகளாகவும் போய்விட்டது. 1988-ல் அமெரிக்காவின் சாண்டியா ஆய்வகம் ஒரு பழைய எஃப்-4 போர் விமானத்தை ராக்கெட் வண்டியில் பூட்டி கான்கிரீட் சுவரில் மோதவிட்ட காணொளியைத் தேடிப் பாருங்கள். விமானம் தூளாகிப் போகிறது.

அப்புறம், 13 கி.மீ. தள்ளிக்கூடப் பொருட்கள் கிடைத்தன, ஆகவே வானத்திலேயே சுட்டுவிட்டார்கள் என்று ஒரு வாதம் உண்டு. கிடைத்தது என்ன என்று கேளுங்கள். காகிதம் மாதிரி லேசான சாமான்கள், காற்று கொண்டுபோய்ப் போட்டது. வானத்தில் உடைந்திருந்தால் கனமான பாகங்களும் வந்த வழி நெடுகச் சிதறிக் கிடந்திருக்க வேண்டும்.

கேள்வி: 1996-ல் நியூயார்க் அருகே கடலில் விழுந்த டி.டபிள்யூ.ஏ. 800 விமானத்தின் துண்டுகளில் வெடிமருந்துத் தடயம் இருந்தது, ஒளிக்கீற்று மேலே போனதைப் பலர் பார்த்தார்கள். இதற்கு மேல் என்ன ஆதாரம் வேண்டும்?

பதில்: இரண்டும் உண்மை. ஒரு காலத்தில் நானும் இதை வைத்துக்கொண்டு ஏவுகணைதான் என்று நண்பர்களிடம் சாதித்திருக்கிறேன், அதனால் கோபப்படாமல் பதில் சொல்கிறேன்.

வெடிமருந்து பக்கத்தில் வெடித்தால் உலோகத்தில் அது எழுதிவிட்டுப் போகும். அம்மைத் தழும்பு போலச் சின்னச் சின்னக் குழிகள், பூவிதழ் போல விரிந்து சுருண்ட விளிம்பு, சூடான வாயு அரித்த தடம். 230 பேர் இறந்த அந்த 747 விமானத்தின் 95 சதவீதத்துக்கு மேல் கடலிலிருந்து எடுத்து, பெரும்பகுதியைக் கொட்டகையில் சட்டம் கட்டிக் கோத்து நிறுத்தினார்கள். எங்கேயும் அந்த அடையாளம் இல்லை. தடயம் ஒட்டியிருந்த மூன்று துண்டுகளிலும் இல்லை! அதே விமானம் 1991 வளைகுடாப் போரில் ராணுவத்தினரை ஏற்றிச் சென்றது, விபத்துக்கு ஒரு மாதம் முன்பு அதில் மோப்ப நாய்ப் பயிற்சியும் நடந்ததாகப் பதிவு இருக்கிறது. தடயம் இந்த வழியாகத்தான் வந்தது என்று விசாரணை வாரியம் அடித்துச் சொல்லவில்லை, அந்த இடைவெளியில்தான் சர்ச்சை இன்னும் உயிரோடு இருக்கிறது.

என் மனதை மாற்றியது கடலடியில் துண்டுகள் கிடந்த வரிசை. புறப்பட்ட விமான நிலையத்துக்கு மிக அருகில் கிடந்தவை நடு எரிபொருள் தொட்டியின் பாகங்களும் அதற்கு முன்புறத்து உடல் தகடுகளும். அதற்கு அடுத்து மூக்குப் பகுதி. கடைசியில் இறக்கைகளும் வாலும். முதலில் கழன்றது முதலில் விழும், சரிதானே? உடைப்பு எங்கே தொடங்கியது என்பதை அந்த வரிசையே காட்டிக்கொடுத்தது. மூக்கு போன பிறகும் மிச்ச விமானம் எரிந்துகொண்டே கொஞ்சதூரம் பறந்தது, மக்கள் பார்த்த கீற்று பெரும்பாலும் அதுதான் என்பது வாரியத்தின் முடிவு.

ஏவுகணை பட்டால் எப்படி இருக்கும் என்பதற்கு 2014-ல் உக்ரைன் வானில் சுட்டு வீழ்த்தப்பட்ட மலேசியப் பயணிகள் விமானம் எம்.எச்.17 இருக்கிறது. விமானி அறைத் தகடெல்லாம் சல்லடை. விமானிகள் உடலில் இருந்து எடுத்த இரும்புத் துணுக்குகளில் போ டை (பட்டாம்பூச்சி போன்ற கழுத்துப்பட்டை) வடிவத்திலும் ஒன்று இருந்தது, சில துணுக்குகளில் விமானி அறைக் கண்ணாடியே உருகி ஒட்டியிருந்தது.

கேள்வி: 2014-ல் காணாமல்போன மலேசிய விமானம் எம்.எச்.370-ன் இறக்கைப் பாகம் இந்தியப் பெருங்கடலின் ரீயூனியன் தீவில் ஒதுங்கியதே, அதில் அடையாளப் பட்டையே இல்லையாமே? யாராவது கொண்டுவந்து போட்டிருக்கலாமே?

பதில்: பட்டை இல்லைதான். ஆனால் பாகத்தின் உள்ளே இருந்த ஓர் எண், அதைச் செய்த ஸ்பெயின் நிறுவனத்தின் பதிவேட்டில் இருந்த எண்ணோடு பொருந்தியது. 2015 செப்டம்பரில் பிரெஞ்சு அதிகாரிகள் உறுதி செய்தார்கள்.

கேள்வி: அதே உடைசலைப் பார்த்துவிட்டு நிபுணர்களே ஆளுக்கொன்று சொல்வது ஏன்?

பதில்: இது நல்ல கேள்வி, இதற்கு வாய்ச்சவடால் செல்லாது. 1985 டிசம்பரில் கனடாவின் கேண்டரில் ஆரோ ஏர் விமானம் புறப்பட்டதும் விழுந்து 256 பேர் இறந்தார்கள். ஒன்பது பேர் கொண்ட வாரியத்தில் ஐந்து பேர் இறக்கையில் பனிக்கட்டி என்றார்கள், நான்கு பேர் உள்ளே வெடித்தது என்றார்கள். பிறகு பரிசீலித்த ஓய்வுபெற்ற நீதிபதி, ஆதாரம் இரண்டு கட்சிக்கும் போதாது என்றார். அந்த வாரியத்தையே கலைத்துவிட்டு 1990-ல் புதிதாக ஒன்று அமைத்தார்கள்.

இத்தாலியின் உஸ்திகா தீவருகே 1980-ல் 81 பேரோடு விழுந்த டி.சி.-9 விமானத்தைச் சுமார் 3,700 மீட்டர் ஆழத்திலிருந்து தூக்கினார்கள். தொழில்நுட்ப நிபுணர் குழு பின்பக்கக் கழிப்பறையில் குண்டு என்றது. 2013-ல் உச்ச நீதிமன்றம், இழப்பீட்டு வழக்கில், ஏவுகணை என்ற வாதத்தை ஏற்றது. ஆண்டுக்கணக்கில் கடலடியில் ஊறிய உலோகத்தில் அந்த நுண்ணிய குழிகள் எவ்வளவு மிஞ்சும், சொல்லுங்கள்.

கேள்வி: சரி, உஸ்திகாவில் நீங்கள் எந்தப் பக்கம்?

பதில்: போன வருஷம் குண்டு. இந்த வருஷம் சந்தேகம். விமானம் போலோனா நகர அருங்காட்சியகத்தில் கோத்து வைத்தபடி இருக்கிறது, போகிறவர்கள் பார்த்துவிட்டு எழுதுங்கள்.