மீன்தொட்டியில் பாசி: எந்தப் பாசி என்று சொல்லுங்கள்

இந்த முறை வந்த கேள்விகளில் பாதிக்கு மேல் ஒரே வரிதான்: "செடி வளர்க்கும் மீன்தொட்டியில் பாசி வந்துவிட்டது, என்ன மருந்து ஊற்றுவது?" தமிழில் இது ஒரு சங்கடம். படிக்கட்டில் வழுக்குவதும் பாசி, ஈரச் சுவரில் படர்வதும் பாசி, தொட்டிக் கண்ணாடியில் ஒட்டியிருப்பதும் பாசி. ஒரே சொல்லை வைத்துக்கொண்டு ஏழெட்டு உயிர்களைக் கூப்பிடுகிறோம். இவற்றில் ஒன்று சிவப்புப் பாசி இனம், ஒன்று கண்ணாடி ஓடு கொண்ட நுண்ணுயிர், ஒன்று பாசியே அல்ல, பாக்டீரியா. ஒன்றை விரட்டுகிற வழி மற்றொன்றுக்குத் தீனியாகவும் ஆகலாம். ஆகவே எழுதும்போது நிறம் என்ன, தொட்டால் எப்படி இருக்கிறது, விரலால் தேய்த்தால் வருகிறதா, எங்கே பிடித்திருக்கிறது என்று நான்கு விவரம் சேர்த்து எழுதுங்கள். அப்படி எழுதியவர்களுக்கு முதல் மரியாதை.

கேள்வி: தொட்டி வைத்து மூன்று வாரம் ஆகிறது. மணல், கண்ணாடி, இலை எல்லாவற்றிலும் பழுப்பு நிறத் தூள் படிகிறது. துடைத்தால் உடனே வந்துவிடுகிறது, இரண்டு நாளில் மறுபடி படிகிறது. தொட்டியைக் கலைத்துவிட்டுப் புதிதாகத் தொடங்கலாமா?

வேண்டவே வேண்டாம். இது டயாட்டம். செல்லைச் சுற்றி சிலிக்காவால் ஆன ஓட்டைக் கட்டிக்கொள்கிற நுண்பாசி. புதுத் தொட்டிகள் அநேகமாக எல்லாவற்றிலும் வரும்; தொட்டி பக்குவப்பட்டு, செடிகள் வேர் பிடித்ததும் தானாகவே போய்விடும். கலைத்துவிட்டுத் தொடங்கினால் இந்த மூன்று வாரத்தைத் திரும்பவும் முதலிலிருந்து வாழ வேண்டியிருக்கும், அவ்வளவுதான். தண்ணீர் மாற்றும் நாளில் துடைத்து, குழாயால் உறிஞ்சி எடுங்கள். நெரைட் நத்தை இரண்டு இருந்தால் அந்த வேலையையும் அவையே பார்த்துக்கொள்ளும்.

கேள்வி: தண்ணீரே பச்சையாகிவிட்டது. பின்னால் நிற்கும் செடி தெரியவில்லை. தினமும் பாதித் தண்ணீரை மாற்றுகிறேன், ஃபில்டரையும் குழாய்த் தண்ணீரில் நன்றாகக் கழுவுகிறேன். மறுநாள் அதே பச்சை.

உங்கள் உழைப்புதான் அதை வளர்க்கிறதோ என்று சந்தேகப்படுகிறேன். தண்ணீரில் மிதப்பவை ஒற்றைச் செல் பாசிகள். பாதியை வெளியே கொட்டினால், மிச்சப் பாதி வெகு சீக்கிரம் பெருகி அந்த இடத்தை நிரப்பிவிடும். ஃபில்டரைக் குழாய்த் தண்ணீரில் கழுவுவது அதைவிட மோசம். தண்ணீரில் குளோரின் இருந்தால், மீன் கழிவின் அம்மோனியாவை நைட்ரேட்டாக மாற்றித் தருகிற பாக்டீரியா ஃபில்டர் ஸ்பாஞ்சிலேயே சாகும். அப்புறம் அம்மோனியா ஏறும்; பச்சைத் தண்ணீரைக் கிளப்பிவிடுவதில் அம்மோனியாவும் அதிக வெளிச்சமும் கூட்டாளிகள். இனி ஸ்பாஞ்சைத் தொட்டியிலிருந்து எடுத்த தண்ணீரிலேயே அலசிப் பிழியுங்கள், அதுவும் நீரோட்டம் குறைந்தால் மட்டும்.

இப்போதைக்கு இரண்டு வழி உண்டு. முதல் வழி இருட்டடிப்பு. பாதித் தண்ணீரை மாற்றி, விளக்கை அணைத்து, கனத்த துணியால் தொட்டியை நாலாபுறமும் மூடி மூன்று நான்கு நாள் விட்டுவிடுங்கள். காற்றுக் குமிழி ஓடிக்கொண்டிருக்கட்டும்; செடிக்காகக் கரியமில வாயு விடுகிறவராக இருந்தால் அதை நிறுத்துங்கள். இடையில் துணியைத் தூக்கி எட்டிப் பார்க்காதீர்கள், எல்லோரும் செய்கிற தப்பு அது. மூடியைத் திறந்ததும் செத்த பாசி அழுகாமல் இருக்க மீண்டும் பாதித் தண்ணீரை மாற்ற வேண்டும். இரண்டாம் வழி, புற ஊதா விளக்கு பொருத்திய ஃபில்டர். தண்ணீரில் மிதக்கிற பாசிக்கு இது வெகு சுத்தமான வைத்தியம். சில நாளில் தெளிந்துவிடும். ஆனால் இலையிலும் கல்லிலும் ஒட்டியிருக்கிற பாசியை அது தொடாது. தொட்டியில் நேர் வெயில் விழுகிறதா என்று நீங்கள் எழுதவில்லை. விழுந்தால் முதலில் திரை போடுங்கள்.

கேள்வி: அனுபியாஸ் இலை ஓரத்திலும் ஃபில்டர் குழாய் வாயிலும் கறுப்பு நிறத்தில் தூரிகை போலக் குச்சம் குச்சமாக இருக்கிறது. தேய்த்தால் வரவில்லை. நகத்தால் சுரண்டினால் இலை கிழிகிறது. ஏழு மாதமாக அவதிப்படுகிறேன்.

இந்த இதழில் நான் நிறைய எழுதப்போவது உங்களுக்குத்தான், ஏனென்றால் ஒரு காலத்தில் இதனிடம் தோற்றுப்போய்த் தொட்டியையே மூலையில் கவிழ்த்து வைத்தவன் நான். இது கறுப்புத் தூரிகைப் பாசி. பார்க்கக் கறுப்பு, ஆனால் பிறப்பால் சிவப்புப் பாசி. நம்பாவிட்டால் ஒரு குச்சத்தைப் பிடுங்கி ஸ்பிரிட்டில் போட்டு வையுங்கள். பச்சையம் கரைந்து வெளியேற, உள்ளே இருந்த செந்நிறம் தெரியும்.

இது பிடிக்கிற இடங்களைக் கவனியுங்கள். மெதுவாக வளரும் செடியின் கிழ இலை, மரக்கட்டை, நீர் வேகமாகப் பாயும் குழாய் வாய். வாயு செலுத்துகிற தொட்டிகளில், கரியமில வாயுவின் அளவு ஒரு நாள் ஏறி ஒரு நாள் இறங்கிக்கொண்டிருந்தால் இதற்குக் கொண்டாட்டம். அளவு குறைவு என்பதைவிட அளவு நிலையில்லாமல் இருப்பதுதான் இங்கே பெரிய குற்றவாளி என்பது என் அனுபவம். வாயுவை விளக்கு எரிவதற்கு ஒன்று அல்லது இரண்டு மணி நேரம் முன்பே தொடங்க வேண்டும். விளக்கு போடும்போது தண்ணீரில் அது 20 முதல் 30 பிபிஎம் (பத்து லட்சத்தில் இத்தனை பங்கு என்ற கணக்கு) இருக்க வேண்டும். இதைப் பார்க்க டிராப் செக்கர் என்ற சின்னக் கண்ணாடிக் குமிழ் உண்டு. அதற்குள் கார்பனேட் கடினத்தன்மை 4 டிகிரி உள்ள நீரோடு நிறங்காட்டித் திரவத்தைக் கலந்து ஊற்றினால், வாயு குறைவாக இருக்கும்போது நீலம், சரியாக இருக்கும்போது பச்சை, மிஞ்சிப்போனால் மஞ்சள். மஞ்சள் என்றால் மீன் மேலே வந்து வாய் திறந்து தவிக்கும், உடனே வாயுவைக் குறையுங்கள். ஒன்று நினைவில் இருக்கட்டும்: அந்தக் குமிழ் காட்டுவது ஒன்றிரண்டு மணி நேரத்துக்கு முந்தைய நிலையை. அதைப் பார்த்து நிமிடத்துக்கு நிமிடம் வால்வைத் திருகுகிறவர்கள் இந்தப் பாசிக்கு விருந்து வைக்கிறார்கள்.

வாயுவே விடாத தொட்டி என்றால் விளக்கைக் குறையுங்கள், மக்கிய இலைகளையும் மணலில் தேங்கிய கழிவையும் உறிஞ்சி எடுங்கள். இந்தப் பாசிக்கு அழுக்குத் தொட்டி பிடிக்கும்.

இருக்கிற குச்சத்தை என்ன செய்வது? பெரிதும் கெட்டுப்போன இலையைத் தயங்காமல் வெட்டுங்கள். அந்த இலை இனி தேறாது. குழாய், கல், கட்டை இவற்றை வெளியே எடுத்து 3 சதவீத ஹைட்ரஜன் பெராக்சைடைத் தடவி, சில நிமிடம் விட்டு, அலசி உள்ளே வையுங்கள். வெளியே எடுக்க முடியாததற்கு, ஃபில்டரை நிறுத்திவிட்டு ஊசியில்லாத சிரிஞ்சால் பாசியின் மேலேயே மெல்லப் பீய்ச்சுங்கள். ஐந்து பத்து நிமிடம் கழித்து ஃபில்டரை ஓடவிடுங்கள். 4 லிட்டருக்கு 1 மில்லி என்ற அளவை ஒரு நாளில் தாண்டாதீர்கள். இறாலும், மாஸ் என்கிற பூவாச் சிறுசெடி வகைகளும் இதைத் தாங்குவது கடினம். பலித்ததா என்று எப்படித் தெரியும்? சில நாளில் குச்சம் இளஞ்சிவப்பாகி, பிறகு வெளுக்கும். செத்துப்போன நிலையில் மீனும் இறாலும் அதை மகிழ்ச்சியாகத் தின்னும். உயிரோடு இருக்கும்போது மட்டும் அநேகமாக யாருக்கும் அது ருசிப்பதில்லை.

திரவ கார்பன் என்ற பெயரில் விற்பவற்றில் பலவும் குளூட்டரால்டிஹைடு கரைசல்கள். மருத்துவக் கருவிகளைக் கிருமி நீக்கம் செய்யப் பயன்படுகிற அதே சரக்கு. பாசியைக் கொல்லும், உண்மை. வாலிஸ்னேரியா போன்ற செடியையும் கரைத்துவிடும். கையுறை போடாமல் தொடாதீர்கள்.

கேள்வி: உரம் போட்டால் பாசி வரும் என்று சொன்னார்கள். நைட்ரேட்டும் பாஸ்பேட்டும் சுழி ஆகும்வரை உரத்தை நிறுத்தினேன். பாசி குறையவில்லை, செடிகள்தான் வெளிறிவிட்டன.

சொன்னவர் பாதி தெரிந்தவர். பாஸ்பேட்டைப் பட்டினி போட்டால் பாசி சாகும் என்று நம்பிய காலம் ஒன்று இருந்தது. பிறகு, நைட்ரேட்டும் பாஸ்பேட்டும் தாராளமாக ஊற்றியும் தெளிவாக இருந்த தொட்டிகளைப் பலரும் பார்த்துவிட்டார்கள். வாரம் முழுக்க உரத்தைச் சற்று மிகையாகவே போட்டு, வாரக் கடைசியில் பாதித் தண்ணீரை மாற்றிக் கணக்கைத் தீர்த்துக்கொள்கிற முறை இன்று உலகெங்கும் புழக்கத்தில் இருக்கிறது.

காரணம் எளிது. பாசிக்குத் தேவையான உணவு மிகக் கொஞ்சம். நீங்கள் பரிசோதனைக் குப்பியில் சுழி என்று பார்க்கிற அளவிலும் அது பிழைத்துக்கொள்ளும். பட்டினியில் முதலில் விழுவது செடிதான். விழுந்த செடியின் இலை சிதைந்து, உள்ளிருப்பதைத் தண்ணீரில் கசியவிடும். பாசி வந்து உட்காருவது அந்த இலையில்தான். நைட்ரேட் 10 முதல் 20 பிபிஎம், பாஸ்பேட் 1 முதல் 2 பிபிஎம் இருக்கும்படி உரத்தைத் திரும்பத் தொடங்குங்கள். இலையையும் படியுங்கள்: அடி இலைகள் முழுவதும் மஞ்சளானால் நைட்ரஜன் போதவில்லை, பழைய இலையில் ஊசி குத்தியதுபோல ஓட்டை விழுந்தால் பொட்டாசியம், புதுத் தளிர் மட்டும் வெளிறினால் இரும்புச் சத்து.

உரத்தைக் கூட்டுகிற அதே நாளில் விளக்கைக் குறையுங்கள் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். தொட்டியில் வண்டியை ஓட்டுவது வெளிச்சம். வெளிச்சம் கூடினால் செடி கேட்கிற வாயுவும் உரமும் கூடும். அதைத் தர முடியாதபோது மிஞ்சுகிற வெளிச்சத்தைப் பாசி எடுத்துக்கொள்ளும். கடையில் கிடைத்ததிலேயே பிரகாசமான எல்இடி விளக்கை வாங்கி மாட்டிவிட்டு உரத்தைப் பழிக்கிறவர்களை வாரம் ஒருவராவது சந்திக்கிறேன்.

கேள்வி: விளக்கு எத்தனை மணி நேரம்? நடுவில் இடைவேளை விட்டால் பாசி குறையும் என்கிறார்களே?

புதுத் தொட்டிக்கு ஆறு மணி நேரம், செடி நிறைந்த பிறகு எட்டு. டைமர் போடுங்கள், மறதிக்கு அதுதான் மருந்து. இடைவேளை விட்டால் பாசி குழம்பிப்போகும் என்பதை நான் நம்பவில்லை. காலையிலும் மாலையிலும் தொட்டியை ரசிக்க வசதியாக இருக்கிறது என்றால் தாராளமாக விடுங்கள்.

கேள்வி: கண்ணாடியில் கடுகளவு பச்சைப் புள்ளிகள். ஸ்பாஞ்சால் எவ்வளவு தேய்த்தாலும் போகவில்லை.

பச்சைப் புள்ளிப் பாசி. கண்ணாடி என்றால் பிளேடால் சுரண்டுங்கள். அக்ரிலிக் தொட்டி என்றால் பிளேடு கோடு போட்டுவிடும், பழைய பிளாஸ்டிக் அட்டை ஒன்றைப் பயன்படுத்துங்கள். இது வந்தால் பாஸ்பேட் குறைவாக இருக்கிறதா என்று பாருங்கள். ஆம், கூட அல்ல, குறைவாக.

கேள்வி: மணல் மேல் நீலப்பச்சை நிறத்தில் வழவழவென்று ஆடை மாதிரி படர்கிறது. ஓரத்தைப் பிடித்து இழுத்தால் தாளாக உரிந்து வருகிறது. மோசமான வாடை.

மூக்கே கண்டுபிடித்துவிட்டது. மண் வாடையும் மக்கல் வாடையும் கலந்த அந்த நாற்றம் சயனோபாக்டீரியாவுடையது. இதுதான் நான் முதலில் சொன்ன, பாசியே அல்லாத பாசி. வெறுக்குமுன் ஒரு வார்த்தை: சுமார் 240 கோடி ஆண்டுகளுக்கு முன்பு இந்தப் பூமியின் காற்றில் ஆக்சிஜன் சேரத் தொடங்கியது இதன் முன்னோர்களால்தான். நம் மூச்சுக்கு நாம் இவற்றுக்குக் கடன்பட்டவர்கள். சரி, இப்போது விரட்டுவோம்.

தாள் தாளாக உரித்து, குழாயால் உறிஞ்சி எடுத்துவிட்டு, மேலே சொன்ன இருட்டடிப்பைச் செய்யுங்கள். நீரோட்டம் செத்துக்கிடக்கிற மூலைகளில்தான் இது கூடாரம் போடும். ஃபில்டர் வாயைத் திருப்பி அங்கும் தண்ணீர் அசையச் செய்யுங்கள். நைட்ரேட் சுழியில் இருக்கிறதா என்றும் பாருங்கள். இந்தக் கூட்டத்தில் சில வகைகள் நைட்ரஜன் வாயுவிலிருந்தே தமக்கு வேண்டியதை எடுத்துக்கொள்ளும், அதனால் செடி பட்டினி கிடக்கிற இடத்தில் அவை கொழிக்கும். எரித்ரோமைசின் போட்டால் போய்விடும் என்பது உண்மைதான், பாக்டீரியா அல்லவா. ஆனால் மனிதருக்குக் கொடுக்கிற ஆன்டிபயாடிக்கைத் தொட்டியில் கரைத்துச் சாக்கடையில் ஊற்றுவதை நான் யாருக்கும் பரிந்துரைப்பதில்லை. நீரோட்டத்தைச் சரிசெய்யாமல் மாத்திரை போட்டவர்களுக்கு அது திரும்ப வந்ததையும் பார்த்திருக்கிறேன்.

கேள்வி: பாசி தின்னும் மீன் ஒன்று வாங்கிப் போட்டால் இவ்வளவு பாடும் வேண்டாமே? எதை வாங்கலாம்?

எதை வாங்கக் கூடாது என்று முதலில் சொல்கிறேன். டேங்க் கிளீனர் என்று விரல் நீளத்தில் விற்கிற சக்கர் மீன் ஒரு அடிக்கு மேல் வளரும். அது தின்னும் பாசியைவிட அது போடும் கழிவு அதிகம். போகிற போக்கில் செடியையும் பிடுங்கும். சீனப் பாசித்தின்னி சிறு வயதில் சாது. வளர்ந்ததும் மற்ற மீன்களின் விலாவில் ஒட்டிக்கொண்டு உறிஞ்சும்.

நூல் போன்ற பச்சைப் பாசிக்கு அமானோ இறால் போல ஒரு வேலைக்காரன் இல்லை. 1980களில் ஜப்பானியச் செடித்தொட்டிக் கலைஞர் தகாஷி அமானோ இவற்றைப் பயன்படுத்திக் காட்டியதால் அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது. தொட்டியில் குஞ்சு பொரித்துப் பெருகிவிடுமோ என்ற பயம் வேண்டாம், அதன் குஞ்சுகளுக்கு உப்பு கலந்த நீர் வேண்டும். தூரிகைப் பாசியைத் தின்ன சயாமியப் பாசித்தின்னி உண்டு. அதன் கறுப்புக் கோடு வால் நுனிவரை ஓட வேண்டும், பாதியில் நின்றால் வேறு மீனை உங்கள் தலையில் கட்டுகிறார்கள். வயதானதும் அதுவும் சோம்பேறியாகி மீன் தீனிக்கே வாய் பிளக்கும். ஓட்டோசின்க்ளஸ் நல்ல மீன், ஆனால் கூட்டமாக வாழ்வது. பக்குவப்படாத தொட்டியில் விட்டால் பட்டினியில் செத்துப்போகும். பாசி தீர்ந்தால் வேகவைத்த சுரைக்காய்த் துண்டோ பாசித் தீனி வில்லையோ போட வேண்டும். நெரைட் நத்தையைப் பற்றி ஒரு குறை: எள் போன்ற வெள்ளை முட்டைகளை எங்கும் ஒட்டிவைக்கும். நன்னீரில் அவை பொரிக்காது, சுரண்டினாலும் லேசில் போகாது. இறாலும் நத்தையும் உள்ள தொட்டியில் தாமிரம் கலந்த பாசி மருந்தை மறந்தும் ஊற்றாதீர்கள்.

கேள்வி: ஆசையாக ஒரு மாரிமோ உருண்டை வாங்கினேன். அதுவும் பாசிதான் என்கிறாள் மகள். பாசியைக் காசு கொடுத்தா வாங்கினேன்?

மகள் சொல்வதே சரி. மாஸ் பால் என்ற பெயரில் விற்றாலும் அது மாஸ் அல்ல, அசல் பச்சைப் பாசி. ஜப்பானின் அகான் ஏரியில் வளரும் மாரிமோவை அந்த நாட்டு அரசு 1952இல் சிறப்பு இயற்கைச் சின்னமாகவே அறிவித்திருக்கிறது. மெதுவாக வளரும், யாரையும் தொந்தரவு செய்யாது. குளிர்ந்த நிழலில் வையுங்கள். தண்ணீர் மாற்றும் நாளில் வாளியில் மெல்லப் பிழிந்து, உருட்டி, வேறு பக்கம் திருப்பி வையுங்கள். புதிதாக வாங்கியதைத் தொட்டியில் போடுமுன் நன்றாகச் சோதியுங்கள்: 2021இல் அமெரிக்காவில் விற்ற உருண்டைகளுக்குள் ஜீப்ரா மட்டி என்ற ஆக்கிரமிப்புச் சிப்பி ஒளிந்திருந்து பெரிய கலவரமாகிவிட்டது. உருண்டையின் மேல் கறுப்புக் குச்சம் ஏதாவது முளைத்திருந்தால், மூன்றாம் கேள்விக்குப் போங்கள்.