முதல் கப்பல் பயணம்: டிக்கெட்டுக்கு வெளியே என்னென்ன செலவு வரும்?

கனடாவில் இருக்கும் அண்ணா, சிங்கப்பூரில் இருந்து கிளம்பும் நாலு இரவுக் கப்பலுக்கு உங்கள் ஐந்து பேருக்கும் டிக்கெட் போட்டுவிட்டார், விமான டிக்கெட்டும் அவரே, "நீங்கள் உடுப்பை மட்டும் அடுக்கிக்கொண்டு வாங்கோ" என்கிறார், முல்லைத்தீவில் இருந்து போகிற நாங்கள் கையில் எவ்வளவு கொண்டுபோக வேண்டும் என்று கேட்டிருக்கிறீர்கள். கீழே ஒருவர் "எல்லாம் டிக்கெட்டுக்குள் அடக்கம், சும்மா போங்கள்" என்று ஒரே வரியில் பதில் போட்டிருக்கிறார். அந்த வரியைப் பார்த்த பிறகு எழுதாமல் இருக்க முடியவில்லை.

சாப்பாடு, படுக்கை, இரவில் மேடையில் நடக்கும் ஆட்டம் பாட்டு, நீச்சல் குளம், இவ்வளவும்தான் பொதுவாக அடக்கம். பொது உணவு மண்டபத்தில் வயிறு கொள்ளுமட்டும் சாப்பிடலாம். தேத்தண்ணி, சாதாரண கோப்பி, குழாயில் பிடிக்கும் தண்ணீர் இவற்றுக்குக் காசில்லை. கோலா, போத்தல் தண்ணீர், கடைக் கோப்பி, தனியாக வைத்திருக்கும் உயர்தரச் சாப்பாட்டுக் கடைகள், பிள்ளைகளின் விளையாட்டு மெஷின்கள், உடுப்புத் தோய்ப்பது எல்லாம் காசு. குடிவகையில் அட்டையில் போட்டிருக்கும் விலைக்கு மேல் 18 சதவீதம் அளவில் சேவைக் கட்டணம் தானாக ஏறும்.

இவை சில்லறை. முதல் தடவை போகிறவரை விழுத்துவது டிப்ஸ்தான். நாங்கள் விரும்பினால் கொடுப்பது என்று நினைத்துவிடாதீர்கள். பெரிய கம்பனிகளில் ஓர் ஆளுக்கு ஒரு நாளைக்கு 15 முதல் 20 அமெரிக்க டொலர் வரை அது தானாகவே உங்கள் அறைக் கணக்கில் எழுதப்படும். பள்ளிக்கூடம் போகிற பிள்ளைக்கும் அதே கணக்குத்தான். 18 டொலர் என்று வைத்தால் உங்கள் ஐந்து பேருக்கு நாலு இரவுக்கு 360 டொலர். நம் இலங்கைக் காசில் ஒரு லட்சத்துக்கு மேல். ஒரு கோலாவும் குடிக்காமல் திரும்பினாலும் இது வரும். வரவேற்பு மேசையில் சொல்லி அதைக் குறைக்கலாம் என்று சிலர் எழுதுவார்கள், பல கப்பல்களில் அது முடியும்தான். ஆனால் குடும்பத்தை ஊரில் விட்டுவிட்டு மாதக்கணக்கில் கடலில் கிடந்து நம் கட்டிலை விரிக்கிற பெடியனுடைய சம்பளத்தில் ஒரு பங்கு அது. அதில் கைவைக்காதீர்கள். இந்த இடத்தில் என்னோடு யாரும் வாதாட வரவேண்டாம்.

எங்கள் கதையும் உங்களுடையது மாதிரித்தான். நான் கிளிநொச்சியில் தையல் கடை வைத்திருக்கிறேன். என் கணவருக்கு இரணைமடுக் குளத்தின் கீழ் வயல். அண்ணா கனடாவில். அம்மாவுக்கு விசா இரண்டு தரம் மறுக்கப்பட்டதால், நடுவில் சிங்கப்பூரில் எல்லாரும் சந்தித்துக் கப்பலில் ஒன்றாக இருப்போம் என்று அண்ணாதான் ஏற்பாடு செய்தார். அவருடைய நல்ல மனதில் எனக்கு ஒரு குறையும் இல்லை. இதை அவர் வாசித்தாலும் வாசிப்பார், ஆகையால் முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

கப்பலுக்குள் காசுத்தாள் ஓடாது. ஏறும்போது ஆளுக்கொரு அட்டை தருவார்கள். அதுதான் அறைத் திறப்பு, அதுதான் காசும். எதை வாங்கினாலும் அந்த அட்டையைத் தட்டினால் சரி, கணக்கு பின்னால் ஒரு கிரெடிட் கார்ட்டில் போய் விழும். குடும்பமாகப் போகும்போது எல்லா அறையையும் ஒரே ஆளின் கார்ட்டோடு இணைத்துவிடுவது வழக்கம். எங்கள் அறைகளும் அண்ணாவின் கார்ட்டோடுதான் இணைந்திருந்தன. "தேவையானதை எடுங்கோ, ஒண்டும் யோசியாதேங்கோ" என்று அண்ணி முழு மனதோடுதான் சொன்னார்.

அந்தச் சொல்லுக்குப் பிறகு அம்மா ஒன்றையும் தொடவில்லை. மேல்தட்டில் கண்ணாடிக் குவளையில் தேசிக்காய்த் துண்டு மிதக்கத் தண்ணீர் வைத்திருந்தார்கள், அதற்கு முன்னால் நின்று "இதுக்கும் காசோ பிள்ளை?" என்று காதுக்குள் கேட்டார். இல்லை அம்மா என்றேன். நம்பவில்லை. பக்கத்தில் ஒரு சீனக் கிழவி பிடித்துக் குடித்துவிட்டுக் கார்ட் தட்டாமல் போன பிறகுதான் அரைக் குவளை பிடித்தார். அறையில் மேசை மேல் இருந்த தண்ணீர்ப் போத்தலின் கழுத்தில் விலைச் சீட்டுத் தொங்கியது. அதைத் தவறிக்கூடத் தொட்டுவிடக் கூடாதென்று துவாயால் மூடி அலுமாரிக்குள் வைத்துவிட்டார். போருக்குப் பின் செட்டிகுளம் அகதி முகாமில் வாளியோடு வரிசையில் நின்று தண்ணீர் எடுத்த மனுசி. மகனின் காசில் தண்ணீர் குடிக்க அவருக்குக் கூச்சம்.

அம்மாவுக்கு இதற்கு முன் தெரிந்த ஒரே கப்பல் 2009இல் போரின் நடுவே புதுமாத்தளனில் இருந்து காயக்காரரை ஏற்றிப்போன செஞ்சிலுவைக் கப்பல். அப்பாவோடு போனவர். அதைப் பற்றி அவர் கதைப்பதில்லை, நானும் இங்கே கூட எழுதப் போவதில்லை. உங்கள் வீட்டில் அந்த வயதில் யாரும் வருகிறார்கள் என்றால் கப்பல் என்றவுடன் அவர்களுக்கு மனதுக்குள் என்ன வரும் என்று ஒரு தரம் யோசித்துக்கொள்ளுங்கள், அவ்வளவுதான்.

அன்று பின்னேரமே நான் வரவேற்பு மேசைக்குப் போய், எங்கள் அறைகளை அண்ணாவின் கார்ட்டில் இருந்து பிரித்துத் தரச் சொன்னேன். பல கப்பல்களில் கிரெடிட் கார்ட் இல்லாமல் காசாகவே முற்பணம் வைக்கலாம். வைத்தது தீருமட்டும் அட்டை வேலை செய்யும், மிச்சத்தைக் கடைசி நாளில் திருப்பித் தருவார்கள். கேட்டால் பிள்ளைகளின் அட்டையில் செலவு ஏறாமல் பூட்டியும் தருவார்கள். அதையும் செய்வித்தேன். சீட்டுக் காசில் டொலராக மாற்றிக் கொண்டுபோன தாள்களை அந்தப் பெண் இரண்டு தரம் எண்ணிவிட்டு ரசீது தந்தாள். அந்த ரசீதை அம்மாவின் கையில் கொடுத்து, "இது எங்கட காசு, இதுக்குள்ள குடியுங்கோ" என்றேன். அன்று இரவு சாப்பாட்டு மேசையில் அம்மா தனக்கு ஒரு மாம்பழ ஜூஸ் கேட்டார், அண்ணாவின் பிள்ளைகளுக்கும் சேர்த்துத் தானே அட்டையைத் தட்டினார். அண்ணாவின் முகம் கொஞ்சம் வாடியது உண்மை. பிறகு தனியாகக் கதைத்தோம், அவருக்கும் விளங்கியது.

"கார்ட் எடுத்துக்கொண்டு போயிருக்கலாமே" என்று இப்போது யாராவது எழுதுவார்கள். வங்கியில் கேட்டேன் ஐயா. தையல் கடைக்குச் சம்பளச் சீட்டு எங்கே இருக்கிறது? சம்பளச் சீட்டு இல்லையென்றால் நிலையான வைப்பு வைத்து எடுக்கச் சொன்னார்கள். ஈடாக வயலைக் காட்டலாமா என்றால் அது அரசு அனுமதிப்பத்திரத்தில் (பெர்மிட்) தந்த காணி, வங்கிக்கு உதவாது. கிளிநொச்சியில் பாதிப் பேரின் நிலை இதுதான். குடியேற்றத் திட்டக் காலத்தில் காடு வெட்டிக் கழனி ஆக்கிய தலைமுறையின் பேரப்பிள்ளைகள் நாங்கள். இன்றைக்கும் கையில் இருப்பது பெர்மிட். விற்க முடியாது, பிரித்து எழுத முடியாது, ஈடு வைத்து ஒரு உழவு இயந்திரம் எடுக்க அலைந்து அலைந்து கால் தேயும். விதைப்புக்குக் காசு வேண்டுமென்றால் பெண்களின் கழுத்தில் இருப்பதுதான் அடைவுக்குப் போகிறது, அறுவடை நேரம் நெல் விலை விழுந்தால் அது திரும்பி வருவதில்லை. நாங்கள் கேட்பது இலவசம் இல்லை. எங்கள் காணிக்கு ஓர் உறுதிப் பத்திரம். கேள்விக்கும் இதற்கும் தொடர்பில்லை என்பது தெரியும், ஆனாலும் அந்த வங்கி மேசையில் இருந்து எழும்பி வந்த நாள் நினைவுக்கு வந்தால் இதைச் சொல்லாமல் விட முடியவில்லை.

இன்னொரு கூட்டம், "வன்னியில் சனம் கஷ்டப்படும்போது உங்களுக்குக் கப்பல் உல்லாசமோ" என்று வரும். சாமத்தியவீட்டுக்கு ட்ரோன் பிடித்து லட்சக்கணக்கில் செலவழிக்கும்போது கேட்காத கேள்வியைத் தாயும் மகனும் பல வருடத்துக்குப் பிறகு ஒன்றாகச் சாப்பிட்டதற்குக் கேட்க வேண்டாம்.

சரி, மிச்சச் செலவுகளுக்கு வருகிறேன். விசா. அண்ணா குடும்பம் கனடாக் கடவுச்சீட்டில் வருகிறது, அவர்களுக்கு இந்த யோசனையே வராது. இலங்கைக் கடவுச்சீட்டில் போகும் நமக்குச் சிங்கப்பூரில் விசா தேவையில்லை. கப்பல் பினாங்கு அல்லது போர்ட் கிளாங் தொடுகிறதென்றால் மலேசிய இ-விசா வேண்டும், ஆளுக்கொன்று, காசு கட்டி. "நாங்கள் இறங்கமாட்டோம்" என்று சொல்லிப் பயனில்லாமல் போகலாம். விசா இல்லாதவரைத் துறைமுகத்திலேயே ஏற்ற மறுக்கும் கம்பனிகள் உண்டு. சிங்கப்பூருக்குள் நுழையும் முன் மூன்று நாளுக்குள் இணையத்தில் நிரப்பும் வருகை அட்டை முற்றிலும் இலவசம். அதற்குக் காசு கேட்கும் தளம் எதுவானாலும் போலி.

கப்பல் கிளம்பும் அன்றே சிங்கப்பூரில் இறங்கும்படி விமானம் போட்டிருந்தால் மாற்றச் சொல்லுங்கள். விமானம் பிந்தினால் கப்பல் காத்திருக்காது, டிக்கெட் காசும் போய்விடும். அப்படியென்றால் ஒரு இரவு ஹோட்டல் செலவு, சிங்கப்பூரில் அது மலிவில்லை. முல்லைத்தீவில் இருந்து கட்டுநாயக்க விமான நிலையத்துக்கு வான் போக வரக் கூலி தனி. யாழ்ப்பாணத்துப் பலாலி விமான நிலையத்தில் ஏறலாமா என்று கேட்பீர்கள். அங்கிருந்து வெளிநாடென்றால் இந்தியாவுக்குத்தான் பறக்கலாம். சென்னையில் இருந்து கிளம்பிய ஓர் உல்லாசக் கப்பல் 2023 ஜூனில் காங்கேசன்துறைக்கு வந்தபோது நாங்களும் இங்கேயே ஏறலாமோ என்று ஊரெல்லாம் பேச்சு. அது இந்தியப் பயணிகளை இறக்கிச் சுற்றிக் காட்ட வந்தது.

போனைக் கப்பல் நகர்ந்தவுடன் ஏர்பிளேன் மோடுக்கு மாற்றிவிடுங்கள். நடுக்கடலில் கப்பலின் செய்மதி வலையமைப்பில் அது தானாக ஒட்டிக்கொண்டால் ரோமிங் கணக்கு எங்கேயோ போகும். கப்பல் வைஃபை ஒரு கருவிக்கு ஒரு நாளைக்கு 20 டொலர் அளவில் வரும். ஒரு போனுக்கு எடுத்தால் போதும், பிள்ளைகள் நாலு நாள் இல்லாமல் இருக்கட்டும்.

மருந்து மிக முக்கியம். வாந்திக் குளிசை, பிரஷர் குளிசை, பனடோல் எல்லாம் ஊரிலேயே வாங்கிக் கைப்பையில் வையுங்கள். கப்பல் வைத்தியரைப் பார்ப்பதற்கே 100 டொலருக்கு மேல் வரும், மருந்து வேறு. பயணக் காப்புறுதியை இதற்காகவாவது எடுங்கள். அது கப்பல் பயணத்தையும் சேர்க்கிறதா என்று வாசித்துப் பார்த்து எடுங்கள்.

கரையில் இறங்கும் நாளில் கப்பல்காரர் விற்கும் சுற்றுலாவுக்கு ஆளுக்குப் பல பத்து டொலர். பினாங்கில் தேவையே இல்லை. கப்பல் நிற்கும் இடத்தில் இருந்து ஜோர்ஜ் டவுனுக்குள் நடந்தே போகலாம், லிட்டில் இந்தியாவும் 1833இல் எழுந்த மாரியம்மன் கோயிலும் நடை தூரம்தான். எங்கள் அம்மா அங்கே அர்ச்சனை செய்து, தோசையும் சாப்பிட்டுவிட்டுத்தான் திரும்பினார். போர்ட் கிளாங் அப்படி இல்லை. கோலாலம்பூர் அங்கிருந்து வாகனத்தில் ஒரு மணி நேரத் தூரம், சில நாளில் அதற்கு மேலும். தனியாகப் போய்ப் பிந்தினால் கப்பல் விட்டுவிட்டுப் போய்விடும்.

படம் எடுக்கிறவர்கள் எங்கே திரும்பினாலும் நிற்பார்கள். எடுப்பதற்குக் காசில்லை, ஒரு பிரதி வாங்க 20 டொலர் அளவில் கேட்பார்கள். எல்லாரும் சேர்ந்து நின்ற ஒன்றை மட்டும் வாங்கினோம். அதற்குக் கொடுத்த காசு எனக்குப் பெரிதாகத் தெரியவில்லை.

ஆகவே உங்கள் கேள்விக்குக் கணக்கு: டிப்ஸ் முன்கூட்டியே கட்டியாயிற்று என்றால், ஐந்து பேருக்குக் கப்பலுக்குள் 200 டொலர், கரைக்கு 100, அவசரத்துக்குத் தொடாமல் வைக்க இன்னொரு 200. கட்டவில்லை என்றால் மேலே 360. ஹோட்டல், வான், விசா, காப்புறுதி இதற்கு வெளியே. கப்பல் கணக்கு அமெரிக்க டொலரிலா சிங்கப்பூர் டொலரிலா என்று பார்த்து அந்தக் காசையே வங்கியில் மாற்றிக்கொள்ளுங்கள், ரசீதைப் பத்திரப்படுத்துங்கள்.

அண்ணாவிடம் இன்றைக்கே மூன்று விஷயம் கேளுங்கள்: டிப்ஸ் கட்டியாயிற்றா, கப்பல் எந்தத் துறைமுகங்களைத் தொடுகிறது, அறைக் கணக்கு யாருடைய பெயரில். கூச்சமாக இருந்தால் அண்ணியிடம் கேளுங்கள். அங்கே இப்போது நடுச்சாமம் என்றால் வாட்ஸ்அப்பில் குரலாகப் பேசிப் போட்டுவிடுங்கள், விசாவுக்கு நாள் எடுக்கும்.