சமயமும் சமூகவியலும் படித்தால் பயன் உண்டா? மட்டக்களப்பில் படித்தவளின் பதில்

கேட்டவர் ஏ.எல் (உயர்தரம்) கலைப்பிரிவில் இந்து நாகரிகம், அரசியல் விஞ்ஞானம், தமிழ் எடுத்த தங்கச்சி. கெம்பஸ் (பல்கலைக்கழகம்) கிடைக்கும் போல் இருக்கிறது; சமயமும் சமூகவியலும் படிக்க விருப்பம். "அது ஐயர்மாருக்கான படிப்பு, வேலை கிடைக்காது" என்று வீட்டில் சொல்கிறார்களாம்.

தங்கச்சி, படியுங்கள். ஆனால் இரண்டையும் சேர்த்தே படியுங்கள். சமயத்தை மட்டும் படித்தால் நூலில் உள்ளது தெரியும், ஊரில் நடப்பது பிடிபடாது.

நான் களுவாஞ்சிகுடிப் பக்கம். எங்களிடம் குடி என்றால் பரம்பரைக் குலம்; தாயின் குடிதான் பிள்ளைக்கும். கோயிலை நிர்வகிக்கும் வண்ணக்கர் யார், எந்த நாள் திருவிழா எந்தக் குடிக்கு என்பதெல்லாம் அந்த முறையில்தான் போகும். இது தமிழ்க் கோயில்களின் வழக்கம் என்றே நினைத்திருந்தேன். அக்கரைப்பற்றிலிருந்து வந்து என்னோடு படித்த முஸ்லிம் சிநேகிதி, தங்களுக்கும் தாய்வழிக் குடி உண்டு, பள்ளிவாசலை நிர்வகிக்கும் மரைக்காயர்மாரும் குடிவாரியாகவே வந்தவர்கள் என்று சொன்னாள். வீடும் அப்படித்தான். ஆரையம்பதியிலும் சரி, பக்கத்துக் காத்தான்குடியிலும் சரி, வீடு மகளுக்குச் சீதனமாகப் போகிறது. மாப்பிள்ளை அங்கே வந்து இருக்கிறார். இஸ்லாமிய வாரிசுச் சட்டத்திலோ மகனுக்கு மகளைப் போல இரண்டு மடங்கு பங்கு. சைவசித்தாந்தப் பாடத்தில் குடி என்ற பேச்சே வராது. அப்படியென்றால் இரண்டு சமயத்தாரும் ஒரே வழக்கத்தை ஏன் வைத்திருக்கிறார்கள்? வேதநூலைப் புரட்டி இதற்குப் பதில் எடுக்க முடியாது. காணி, கலியாணம், குடியேற்றம் எல்லாவற்றையும் விசாரிக்க வேண்டும். அதற்குத்தான் சமூகவியலும் மானிடவியலும்.

அமெரிக்க மானிடவியலாளர் டெனிஸ் மக்கில்வ்ரே 1960களின் கடைசியில் அக்கரைப்பற்றுக்கு வந்து, இரண்டு சமூகத்தாரிடமும் இதை விசாரித்து ஆராய்ந்தார். அவருடைய பெரிய நூல் 2008இல் ஆங்கிலத்தில் வந்தது. நம் குடி வழக்கத்தை ஆழமாக அறிய நாமே ஆங்கிலத்தில் வாசிக்க வேண்டியிருப்பது எனக்கு இன்றும் மனவருத்தம்தான். உங்களைப் போன்றவர்கள் தமிழில் எழுத வேண்டும் என்று நான் ஆசைப்படுவது அதனால்தான். அதுவரை ஆங்கிலத்தை விடாதீர்கள். தமிழில் வி.சீ. கந்தையாவின் 'மட்டக்களப்புத் தமிழகம்' (1964) இருக்கிறது. கெம்பஸ் தொடங்கும் முன்பே வாசித்துவிடுங்கள்.

அப்புறம் கண்ணகி. பல ஊர்களில் வருடத்தில் பெரும்பாலும் பூட்டியிருக்கும் கோயில், வைகாசியில் சடங்குக்குத் திறக்கும். பூசை செய்பவர் பிராமணர் அல்ல, கட்டாடியார். கண்ணகி கதையான வழக்குரையைப் பாடி, அம்மனைக் குளிர்விக்கும் குளிர்த்திச் சடங்கோடு முடியும். இதே தெய்வத்தைச் சிங்களவர் பத்தினி என்று கும்பிடுகிறார்கள். வகுப்பில் பிரெஞ்சு சமூகவியலாளர் எமில் டூர்க்கைம் கட்டாயம் வருவார். ஆஸ்திரேலியப் பழங்குடியினரின் சமயத்தை வைத்து 1912இல் நூல் எழுதியவர், அங்கே ஒரு தடவைகூடப் போகாதவர். மற்றவர்களின் குறிப்புகளை வைத்தே எழுதினார். உங்களுக்கு பஸ்ஸில் ஏறினால் கோயில் வாசல்.

எங்கே படிப்பது? வந்தாறுமூலையில் கிழக்குப் பல்கலைக்கழகம் (1981இல் கல்லூரியாகத் தொடங்கி 1986இல் பல்கலைக்கழகமானது). அம்பாறை மாவட்டத்தில் ஒலுவில் தென்கிழக்குப் பல்கலைக்கழகம். அங்கே இஸ்லாமியக் கற்கைக்கும் அரபு மொழிக்கும் தனிப் பீடமே உண்டு. முடிந்தால் நான்கு வருடச் சிறப்புக் கலைப் பட்டத்துக்குப் போங்கள். அதில் செய்யும் ஆய்வுதான் இந்தப் படிப்பின் உயிர்.

வேலை பற்றி வீட்டில் பயப்படுவதை நான் குறை சொல்ல மாட்டேன். பட்டதாரிகள் ஆசிரியராகவோ அபிவிருத்தி உத்தியோகத்தராகவோ நியமனம் பெறுகிறார்கள், ஆனால் பலர் வருடக்கணக்கில் காத்திருக்கிறார்கள். கள ஆய்வு, புள்ளிவிவரம், அறிக்கை எழுதுவது மூன்றையும் நன்றாகப் பழகினால் தொண்டு நிறுவனங்களின் கதவும் திறக்கும்.

அம்மா அப்பாவிடம் இன்னொன்றும் சொல்லுங்கள். 2019 உயிர்த்த ஞாயிறன்று சீயோன் தேவாலயத்தில் குண்டு வெடித்த ஊர் இது. அடுத்தவர் சமயத்தை வதந்தியில் கேட்காமல் அவர் வாயாலேயே கேட்டு அறிந்தவர்கள் ஊருக்கு நாலு பேராவது இங்கே வேண்டும். ஆகவே சொந்தச் சமயத்தோடு நிற்காமல் இன்னொரு சமயத்தையும் ஒரு பாடமாக எடுங்கள். ஆய்வுக்கும் முடிந்தால் அடுத்த ஊரையே எடுங்கள். போகும்போது அந்த ஊர்ப் பிள்ளை ஒருவரைக் கூட்டிக்கொண்டு போங்கள், கேட்காமல் போனில் ரெக்கோட் பண்ணாதீர்கள்.