பத்து மீட்டர் தூரத்துச் சிப்பாய்

வணக்கம் ஐயா,

தெகிவளையில் இருக்கிறேன், வயது 23. இரண்டு வருடமாக 1/35 அளவு பிளாஸ்டிக் சிப்பாய்களுக்கு நிறம் பூசுகிறேன். இப்போது செய்வது 1944 பர்மா. பிரிட்டிஷ் பதினான்காவது ஆமியின் இந்தியச் சிப்பாய்கள் நான்கு பேர் ஓடைக்கரையில் இளைப்பாறுகிறார்கள். கண்தான் சரிவரவே இல்லை. வெள்ளை பூசி நடுவில் கறுப்புப் புள்ளி வைத்தால் பேயைக் கண்டவன்போல முழிக்கிறார்கள். என்ன தூரிகை வாங்கலாம், 000 போதுமா? அக்ரிலிக் நல்லதா, எண்ணெய் வர்ணம் நல்லதா? கொழும்பு ஈரக்காற்றில், நிறத்துக்கு முன் அடிக்கிற பிரைமர் பூச்சு சொரசொரப்பாகிறது, அதற்கு என்ன செய்யலாம்? அப்பாவுக்கு இது ஒன்றும் பிடிக்கவில்லை. "பார்த்த ஆமி போதாதா, வீட்டுக்குள்ளயும் வேணுமா" என்கிறார். படங்கள் இணைத்திருக்கிறேன்.

(பெயர் வேண்டாம்)

அன்புள்ள தம்பி,

உங்கள் கடிதம் வந்த அன்று காலையில் காலி வீதியில் பஸ்ஸுக்கு நின்றுகொண்டிருந்தேன். எதிர்ப்பக்கம் ஒருவர் நின்றார். தெரிந்த ஆளா இல்லையா என்று பிடிபடவில்லை, ஆனால் ஆள் நன்றாகக் களைத்துப்போயிருக்கிறார் என்பது மட்டும் பார்த்த உடனேயே தெரிந்துவிட்டது. முகமே தெரியாமல் களைப்பு எப்படித் தெரிந்தது என்று பஸ்ஸில் ஏறிய பிறகும் அதே யோசனை. பின்னேரம் மெயிலைத் திறந்தால் உங்கள் நான்கு பேரும் என்னைப் பார்த்து முழிக்கிறார்கள்.

சின்னக் கேள்விகளை முதலில் முடித்துவிடுகிறேன். நுனி கூராக இருந்தால் 1ஆம் நம்பர் தூரிகையே போதும், 000இல் எடுத்த வர்ணம் கண்ணுக்குப் போய்ச் சேருமுன் காய்ந்துவிடும். மழைக்கு இருட்டிக்கொண்டு வரும்போது ஸ்ப்ரே அடிக்காதீர்கள், வெயில் ஏறிய பிறகு அடியுங்கள், அதுவும் சரிவராவிட்டால் தூரிகையால் பூசுகிற பிரைமர் இருக்கிறது. அக்ரிலிக்கா எண்ணெயா என்பதில் எனக்கு அபிப்பிராயமே இல்லை. கைக்கு எது வருகிறதோ அதில் பூசுங்கள்.

சரி, கண். விரித்துப் பார்க்கிற மனிதக் கண்ணில் மேல் இமைக்கும் கீழ் இமைக்கும் நடுவில் சுமார் 10 மில்லிமீட்டர் இருக்கும். 35ஆல் வகுத்துப் பாருங்கள், 0.3 மில்லிமீட்டர்கூட வராது. வெயிலில் கண்ணைச் சுருக்கினால் அதிலும் பாதி. இன்னொரு கணக்கும் இருக்கிறது. பொம்மையை 30 சென்டிமீட்டர் தூரத்தில் பிடித்துப் பார்த்தால், உண்மையான ஆளை 10 மீட்டருக்குக் கொஞ்சம் கூடுதலான தூரத்தில் நின்று பார்ப்பதற்குச் சமம். இன்று பின்னேரமே வெள்ளவத்தைக் கடற்கரைப் பக்கம் போங்கள். யாராவது ஒருவரிடமிருந்து பதின்மூன்று பதினான்கு எட்டு தள்ளி நின்று பாருங்கள். வெள்ளை முழி தெரிகிறதா? புருவத்துக்குக் கீழே ஒரு நிழல், அதற்குள் ஒரு கோடு, அவ்வளவுதான் தெரியும். தொப்பி போட்டிருந்தால் கோடும் இல்லை. அதைப் பூசுங்கள். கண்குழியில் கடும் மண்ணிறத்தைத் தண்ணீராகக் கரைத்து விடுங்கள், மேல் இமைக்கு அதைவிட இருண்ட ஒரு கோடு, பிறகு புருவ எலும்பையும் கன்ன மேட்டையும் ஒரு படி வெளிச்சமாக்குங்கள். கறுப்பை இதற்குள் கொண்டுவராதீர்கள். வெள்ளையையும்தான்.

கோயிலில் சிலைக்குக் கண் திறப்பது கடைசியில். நம் ஊர் விகாரைகளில் புத்தர் சிலைக்குக் கண் வரைகிறவர் சிலையை நேரே பார்க்கமாட்டார், கண்ணாடியில் பார்த்துத்தான் வரைவார். அந்தக் கண் நம்மைப் பார்க்கவேண்டிய கண், அதனால் அவ்வளவு பயம், அவ்வளவு மரியாதை. உங்கள் சிப்பாய்கள் யாரையும் பார்க்கவேண்டிய அவசியம் இல்லை. அவர்கள் களைத்துப்போய் ஓடைத் தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருப்பவர்கள்.

இப்போது ஏசப்போகிறேன், கோபிக்கக்கூடாது. லீ-என்ஃபீல்ட் துவக்கின் மரப்பிடியில் கை பட்டுத் தேய்ந்த இடத்தை எவ்வளவு அழகாகக் காட்டியிருக்கிறீர்கள்! அதற்கு மட்டும் இரண்டு மூன்று இரவு போயிருக்கும். ஆனால் ஏறக்குறைய 4 கிலோ எடையுள்ள அந்தத் துவக்கைச் சுமந்த தோளில் ஒரு கறைகூட இல்லை. சட்டை நேற்றுத் தைத்ததுபோல நான்கு பேருக்கும் ஒரே பச்சை. காட்டுப் பச்சைத் துணி தோய்க்கத் தோய்க்க வெளுக்கும், ஒவ்வொருவனுக்கும் ஒவ்வொரு மாதிரி வெளுக்கும். முகமோ வெள்ளைக்காரன் முகம். கடையில் தோல் நிறம் என்று விற்கிற புட்டி யாருடைய தோல் என்று நீங்கள் கேட்கவே இல்லையா? வீட்டில் கண்ணாடி இருக்கிறதே. மண்ணிறத்தில் காவி கலந்து அடிப்பூச்சு போடுங்கள், வெளிச்சத்துக்குக் காவியையே கூட்டுங்கள். நம் தோலில் வெள்ளையைக் கலந்தால் சாம்பல் பூத்துவிடும். மூக்குத் தண்டிலும் நெற்றியிலும் துளி மினுக்கம் வையுங்கள், வியர்வை வந்துவிடும்.

நானும் பல வருடம் இதே வேலை செய்தவன். என் சிப்பாய்களும் முதலில் முழித்தவர்கள்தான். பத்து மீட்டர் கணக்கை நான் கற்றது மேசையில் இல்லை.

1996 ஜனவரியில் மத்திய வங்கியில் குண்டு வெடித்த பிறகு எங்கள் ஒழுங்கை முனையில் ஒரு சென்றி, ஆமிக் காவலரண், வந்தது. மண்மூட்டை, தார் பீப்பாய், இரண்டு ஆமிக்காரர். டியூஷன் முடிந்து வரும்போது தூரத்திலேயே அவர்களைப் படிக்கப் பழகினேன். கண்ணைப் பார்த்தால் பிரச்சினை என்று அம்மா சொல்லியிருந்தா, அதனால் தோளைப் பார்ப்பேன். துவக்குப் பட்டி தளர்ந்து தொங்கினால் இன்றைக்குச் சும்மா விடுவான், முழங்கை விலாவோடு ஒட்டியிருந்தால் அடையாள அட்டையை முன்கூட்டியே எடுத்துவிடவேண்டும். பெரும்பாலும் சரியாகத்தான் வரும்.

ஒரு மத்தியானம் ஒருவன் எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு மூட்டைமேல் உட்கார்ந்து சோற்றுப் பார்சலைப் பிரித்துக்கொண்டிருந்தான். பட்டி கிடந்த இடத்தில் சட்டை இருண்டிருந்தது. அந்த ஈரத்தின் விளிம்பில் வெள்ளையாக ஒரு உப்புக்கோடு. அதற்குள்ளே மங்கலாக இன்னொரு கோடு, முதல்நாள் காய்ந்தது. சட்டையைத் தோய்க்க அவனுக்கு நேரம் கிடைக்கவில்லை. கழுத்து வெயிலில் கறுத்து, கொலருக்குள் ஒரு விரல் அகலத்துக்கு வேறு நிறமாக இருந்தது. என் செருப்புச் சத்தத்துக்குத் திரும்பினான். என்னைவிட ஒன்றிரண்டு வயது கூட இருக்கும். சோறு படிந்த கையைத் தூக்கி "யன்ன" என்றான், சிங்களத்தில் போ என்று. அட்டையைக் கேட்கவில்லை. அந்தச் சென்றியை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் வயிற்றுக்குள் என்னவோ செய்யும். அந்த உப்புக்கோடும் கூடவே ஞாபகம் வரும். பிறகு நான் பூசிய ஒவ்வொரு முதுகிலும் அதை வைத்திருக்கிறேன், அவன் எந்தப் படையானாலும்.

அப்பா விஷயத்தில் நான் உங்கள் பக்கம் பேசப்போவதில்லை. அவர் எதைப் பார்த்தார் என்று நீங்கள் கேட்டிருக்கமாட்டீர்கள். 2009இல் உங்களுக்கு ஆறேழு வயது இருந்திருக்கும். ஆனால் அறைக் கதவைச் சாத்திக்கொண்டு பூசாதீர்கள், அவர் தேத்தண்ணி குடிக்கிற மேசையில் வைத்துப் பூசுங்கள். ஒரு நாளைக்கு, களைத்த ஆமிக்காரன் துவக்கை எப்படிப் பிடித்திருப்பான் என்று அவரிடமே கேளுங்கள். ஏசினாலும் ஏசுவார். சொன்னால், அவர் சொல்கிறபடி தோளைச் சுரண்டித் திருத்துங்கள்.

நான்கு பேரையும் முன்பக்கம் மட்டுமே படம் பிடித்து அனுப்பியிருக்கிறீர்கள். அடுத்த முறை முதுகையும் எடுத்து அனுப்புங்கள்.